சிவனொளிபாத மலையில் ஒரு கல்லறையைத் தேடி

வணக்கம் உறவுகளே. மணி இரவு ஒன்றே முக்கால். நல்லதண்ணியில், மலை ஏறும் பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு தேநீர்க் கடை வாசலில் நின்று பேசுகிறேன். கையில் பிளேன்டீ, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி. பெப்ரவரி மாதக் குளிர், பல் கிட்டுகிறது. அதோ, வானத்தில் தொங்குகிற மாதிரி விளக்குகள் வரிசையாகத் தெரிகின்றனவா? அது வானம் இல்லை, நாம் ஏறப்போகும் படிகள்.

இந்த மலைக்கு நான் வருவது இது நான்காவது தடவை. ஆனால் இந்தத் தடவை வேறு ஒரு காரணம் இருக்கிறது. சிவனொளிபாதம் என்றால் உச்சியில் இருக்கிற பாதம்தான் என்று எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இலங்கைப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இந்த மலை உச்சியில் ஒரு கல்லறை இருப்பதாக எழுதிவைத்திருக்கிறார். முஸ்லிம்கள் அதை ஆதி மனிதர் ஆதாமின் கல்லறை என்கிறார்கள், மற்றவர்கள் சாக்கியமுனி புத்தருடையது என்கிறார்கள் என்று எழுதுகிறார். அதோடு விடவில்லை. சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்லாய் கான் 1284இல் தூதர்களை அனுப்பி இங்கேயிருந்து இரண்டு பெரிய கடைவாய்ப் பற்கள், கொஞ்சம் முடி, ஒரு பாத்திரம் எல்லாம் வாங்கிக்கொண்டு போனார் என்றும் சொல்கிறார். வாசித்த நாளிலிருந்து எனக்கு மனது கேட்கவில்லை. நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிகிற மலை இது. அதில் கல்லறையா?

சரி, ஏறிக்கொண்டே பேசுவோம்.

நேற்றுப் பின்னேரம் மஸ்கெலியாவில் இறங்கி மவுசாகலை நீர்த்தேக்கத்தைப் பார்த்தேன். எடுத்த படத்தை இங்கே போடுகிறேன், பாருங்கள். 1960களின் கடைசியில் மின்சாரத்துக்காக அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில், பள்ளிவாசல், விகாரை எல்லாம் சேற்றுக்குள்ளிருந்து தலை தூக்கும். நேற்று கோயில் சுவர் ஒன்று வெளியே தெரிந்தது. பக்கத்தில் போய்க் கையை வைத்தேன். காய்ந்த சேறு செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் கல் இன்னும் ஈரமாகவே இருந்தது. யாரோ ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்.

இதுதான் சீத கங்குல என்கிற குளிர்ந்த ஓடை. முகம், கை, கால் கழுவிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். தண்ணீர் பட்டதும் கை மரத்துவிட்டது. அப்புறம் இந்திகட்டுபான. புத்தர் இங்கே தம் சீவரத்தைத் தைத்தார் என்று சிங்கள மக்கள் நம்புகிறார்கள். அதனால்தான் இந்த ஊசியும் நூலும். பாருங்கள், பாதை நெடுக வெள்ளை நூல் ஓடுகிறது. நானும் ஒரு நூற்பந்து கொண்டுவந்தேன். பாதிதான் கட்டினேன், மீதி பையில் இருக்கிறது. எதிரே இறங்கி வருகிறவர்கள் "கருணாவயி", அதாவது கருணை கிடைக்கட்டும், என்கிறார்கள். நானும் திருப்பிச் சொல்கிறேன். அதைச் சொல்ல நீங்கள் எந்தச் சமயம் என்று யாரும் கேட்பதில்லை.

நல்லதண்ணிப் பக்கம் 5,500 படி என்பார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் உட்காருவோம். எனக்குப் பிடித்த கதை ஒன்று சொல்ல வேண்டும்.

1344இல் மொரோக்கோக்காரர் இபின் பதூதா புத்தளத்தில் கரையிறங்குகிறார். அங்கே யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். உமக்கு என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, ஆதாமின் பாதத்தைப் பார்க்க வேண்டும், அது போதும் என்கிறார். உடனே ஏற்பாடு நடக்கிறது. ஒரு பல்லக்கு, வருடா வருடம் இந்த மலைக்கு வந்து பழகிய யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், அரசரின் ஆட்கள் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்க 15 பேர். ஒரு முஸ்லிம் பயணியை ஆதாமின் பாதத்துக்கு அழைத்துப் போனது சைவ யோகிகள்! மேலே போக பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதை இருந்ததாக எழுதுகிறார். பாபா என்றது ஆதாமை, மாமா என்றது ஏவாளை.

எனக்கு அந்த 15 பேர் மேல்தான் கண். யோகிகளைப் பற்றி அவர் எழுதினார். சுமை தூக்கியவர்களில் ஒருவரின் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. அரிசி மூட்டையோடு இந்தக் காட்டில், அட்டைக்கடியில், எப்படி ஏறியிருப்பார்கள்?

மேலே வந்துவிட்டோம். 2,243 மீற்றர். மணி ஐந்தரை. உள்ளே படம் எடுக்க விடுவதில்லை, அதனால் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு பாறை, அதன்மேல் சின்ன மண்டபம், துணி போர்த்திய பாதம். ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளம். நெற்றியை வைத்துக் கும்பிட்டபோது பூ வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தன. நாம் பார்ப்பது மேல் கல்தான். உண்மையான பாதம் அதற்கு அடியில் நீலக்கல் ஒன்றில் பதிந்திருப்பதாகவும், அதைப் பாறையால் மூடிவைத்திருப்பதாகவும் ஐதீகம். அப்படியானால் மார்க்கோ போலோ முழுதாகப் பொய் சொல்லவில்லை, உறவுகளே. இங்கே புதைந்திருப்பது உடம்பு இல்லை, ஒரு காலடி.

எனக்கு முன்னால் நின்ற முஸ்லிம் பெரியவர், கண்டிக்காரராம், "பாவா ஆதம் முதல்ல கால் வச்ச எடம் மகன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போர்த்துக்கேயர் காலத்தில் இதைப் புனித தோமையாரின் பாதம் என்றும் சொன்னார்கள். சிங்கள அம்மா ஒருவர் இந்த மலையின் காவல் தெய்வமான சமனுக்கு விளக்கு வைத்தார். நான் சிவனை நினைத்தேன். மணியை நான்கு தடவை அடித்தேன், வந்த தடவைக்கு ஒன்று.

சூரியன் வந்துவிட்டது. மேற்குப் பக்கம் பாருங்கள், மலையின் நிழல் முக்கோணமாகப் பனி மூட்டத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்.

ஆதாமின் கல்லறை எங்கே என்றால், யூத மரபு ஹெப்ரோனைக் காட்டுகிறது. அங்கே மக்பேலா குகையில் ஆபிரகாம் குடும்பத்தாரோடு ஆதாமும் ஏவாளும் இருக்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. யூதரும் முஸ்லிம்களும் இன்றும் ஒரே கட்டடத்தில், தனித்தனிப் பகுதியில் தொழுகிறார்கள். ஏவாளின் கல்லறை ஜித்தாவில் என்பார்கள். பிள்ளைகள் ஆபிலும் காபிலும் இராமேஸ்வரத்து தர்காவில். தோட்ட வேலைக்கு வந்த நம் முன்னோர்களும் அந்தக் கரையிலிருந்துதான் படகேறித் தலைமன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தார்கள். அந்த வழியில் செத்தவர்களுக்குக் கல்லறை இல்லை. 2023இல், அவர்கள் வந்த 200 வருட நினைவாக, நம் மக்கள் அதே வழியை நடந்து முடித்தார்கள்.

இப்போது பின்னேரம் நாலு மணி. எங்கள் தோட்டத்து மயானத்தில் அப்பாயியோடு நிற்கிறேன். கால் இன்னும் வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே வர வேண்டும் என்று தோன்றியது. ஒரு காலத்தில் இந்தச் சரிவு முழுக்க மயானம். புதுக்கன்று நட்டபோது கீழ்ப்பாதி தேயிலையோடு சேர்ந்துபோய்விட்டது. கொழுந்து எடுக்கிற அக்காமார் அந்த நிரைக்குள் போகும்போது இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள்.

தாத்தாவுக்கு ஒரு கருங்கல்லும் ஒரு குரோட்டன் செடியும்தான் அடையாளம். "அவரு மலையப் பாத்துக்கிட்டுத்தான் படுத்திருக்காரு. அப்படித்தான் வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு," என்கிறார் அப்பாயி. மீதி நூலைக் கொடுத்தேன். செடியின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

அப்புறம் தேயிலைப் பக்கம் கையை நீட்டினார். "அந்தா, அந்தப் பாறைக்குக் கீழ ஒங்க அத்தைக்கு மூத்தது. பொறந்து ஆறு நாளு. அதுக்குப் பக்கத்துல பழைய கங்காணி. அந்த நிரையில மலேரியாவுல போன ஒரு புருசன் பொண்டாட்டி." நான் கொப்பியை எடுத்துப் பெயர்களை எழுத ஆரம்பித்தேன். 23 பெயர் ஆகிவிட்டது. பனி இறங்கிவிட்டது, அப்பாயிக்கும் இருமல் வருகிறது. மேல் நிரை இன்னும் மிச்சம் இருக்கிறது. வருகிற ஞாயிறு காலையிலேயே வந்துவிடலாம் என்கிறார்.