ஆகாயத்தில் கண் இருந்தால் போதுமா?

நடுவர் அவர்களே, டர்பன் தமிழ் மக்களே, வணக்கம். நாடுகளுக்கு உளவுச் செய்தியை அதிகம் தருவது ஆளா, கருவியா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள்தான்!

எதிரணித் தங்கை செயற்கைக்கோளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். 1977இல் கலகாரிப் பாலைவனத்தில் நம் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை அரசு அணுகுண்டுச் சோதனைக்கு ஏற்பாடு செய்ததை சோவியத் செயற்கைக்கோள் கண்டுபிடித்ததாம். உண்மைதான், யார் மறுத்தது? குழி தெரிந்தது. அப்புறம் செய்த குண்டு எத்தனை? ஆறு என்று உலகத்துக்குத் தெரிந்தது 1993 மார்ச்சில், அதிபர் டி கிளார்க் நாடாளுமன்றத்தில் வாயைத் திறந்தபோது.

நம் ஊருக்கே வாருங்கள். எண்பதுகளில் டர்பன் பாதுகாப்புப் போலீசுக்குள் இருந்த ஒருவர், ரகசியக் கோப்புகளை எடுத்துவந்து வெள்ளை ஆட்சியை எதிர்த்துப் போராடிய ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் மோ ஷேக்கிடம் கொடுத்தார். ஏன் கொடுத்தார்? காவலில் மோ ஷேக் பட்ட பாட்டைப் பார்த்து மனம் கேட்கவில்லை. தங்கையே, மனம் கேட்காத கேமராவை எங்காவது பார்த்ததுண்டா?

‘ஆபரேஷன் வூலா கணினியால்தானே நடந்தது?’ என்பார். காங்கிரஸ் தன் தலைவர்களையும் ஆயுதங்களையும் ரகசியமாக நாட்டுக்குள் கொண்டுவந்த திட்டம் அது. சரி, அதையும் பார்ப்போம். செய்தியைக் கணினியில் தட்டி, சங்கேதமாக்கி, அதை ஒலியாக மாற்றி டேப்பில் பதிவார்கள். பொதுத் தொலைபேசியில் அந்த டேப்பைப் போட்டால், கீச்சு கீச்சென்று லண்டனுக்குப் போய்ச்சேரும். அடுத்து பேசக் காத்திருந்தவர் என்ன நினைத்தாரோ! ஆனால் அந்தக் கணினியை நாட்டுக்குள் கொண்டுவந்தது ஒரு டச்சு விமானப் பணிப்பெண். 1990 ஜூலையில் போலீஸ் இந்தத் திட்டத்துக்குள் நுழைந்ததுகூட சங்கேதத்தை உடைத்து அல்ல, ஆட்களைப் பிடித்து.

கடைசியாக ஒன்று. 1979 செப்டம்பர் 22 அன்று, நமக்குத் தெற்கே கடலுக்கு மேல் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் இரட்டை ஒளிவீச்சைப் பதிவு செய்தது. அணுகுண்டு வெடித்தால் அப்படித்தான் ஒளி வரும். அமெரிக்க அதிபர் கார்ட்டர் அமைத்த குழுவோ, அது அணுகுண்டாக இருக்காது என்றது. அமெரிக்க உளவுத்துறைக்குள்ளேயே பலர் அதை ஒப்பவில்லை. சந்தேகம் தென்னாப்பிரிக்கா மேலும் விழுந்தது, இஸ்ரேல் மேலும் விழுந்தது. இன்றுவரை வழக்கு முடியவில்லை. ஒளியைப் பதிவு செய்த கருவி ஒன்றும் தூங்கிவிடவில்லை, வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. வெடித்தது யார் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். எதிரணியில் யாருக்காவது விடை தெரிந்தால், எந்தக் கருவியைக் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள் என்றும் நடுவரிடம் சொல்லிவிடுங்கள்.