ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(பென்னாகரத்தில் ஆடிப்பெருக்கு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, காட்டிலிருந்து சீருடையோடு நேரே வந்திருக்கும் வனத்துறை நண்பர்களே, எனக்குக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர் ஐயா அவர்களே, பரிசல் ஓட்டும் அண்ணன்மார்களே, மீன் வறுக்கும் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் அக்காமார்களே, அனைவருக்கும் வணக்கம். மாலை வாங்கிக் கட்டிய இளைஞர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

காவிரியின் நிலம், காடு, மீன் என மூன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

தலைக்காவிரியில் பிறந்தவள் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்குள் வருகிறாள். நமக்கு எத்தனை டி.எம்.சி. வந்தது என்று அளப்பதும் அங்கேதான். பிறகு ஒகேனக்கல். கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, புகையும் கல். அருவிப் பக்கத்திலுள்ள கார்பனடைட் என்ற அபூர்வ வகைப் பாறைக்கு வயது 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நாம் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் கல்லை ஒருமுறை கும்பிட்டுவிட்டு உட்காருங்கள். சின்னாறும் இங்கேதான் வந்து சேர்கிறது. அதற்குக் கீழே எல்லாம் 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குப் போகிற தண்ணீர்.

காட்டைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2014இல் காவிரி வடக்கு, 2022இல் காவிரி தெற்கு என இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவித்தார்கள். யானை, முதலை, நீர்நாய், சாம்பல் நிற மலை அணில் எல்லாம் அங்கே உண்டு. அதை வனத்துறை நண்பர்களே விரிவாகப் பேசட்டும். நான் மீனுக்கு வருகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. ஒகேனக்கல் பக்கத்து ஊட்டமலையில் பரிசல் ஓட்டும் ஒரு பெரியவர். மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாலை நேரம், ராகிக் களியை உருட்டித் தூண்டிலில் குத்தி மடுவில் போட்டார். முதல் உருண்டையைச் சின்ன மீன்கள் கொத்தித் தின்றன, இரண்டாவதும் போச்சு. மூன்றாவதில் பரிசலே ஒரு சுற்றுச் சுற்றியது! அரை மணி நேரம் இழுபறி. மேலே வந்தது செதில் ஒவ்வொன்றும் ரூபாய்க் காசு அகலத்துக்கு மின்னும் கெண்டை, வயிறு உப்பியிருந்தது. மாமா தடவிப் பார்த்தார். “வயித்துப் புள்ளக்காரிடா” என்று தூண்டில் முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டார். வீட்டில் அத்தை மசாலா அரைத்து, சட்டி காயவைத்துக் காத்திருக்கிறார். வெறுங்கையோடு போனோம். மாமா மெதுவாகச் சொன்னார்: “ஆத்துல போட்டாலும் அளந்து போடணும், எடுத்தாலும் அளந்துதானே எடுக்கணும்?” அத்தை விடவில்லை: “ஆத்துக்கு அளந்தீங்க, என் அடுப்புக்கு யாரு அளக்கறது?” அன்றைக்குக் களியும் கீரைக் கடைசலும்தான். அரைத்த மசாலா மறுநாள் கத்தரிக்காய்க்குப் போனது.

அத்தை கேட்ட கேள்விதான் இன்றைக்கு என் கோரிக்கை.

காவிரிக்கே உரிய, கெண்டை இனத்தைச் சேர்ந்த, திமிலுள்ள மஹசீர் மீனை, அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐ.யூ.சி.என்.) சிவப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். தண்ணீரில் தோட்டா வெடித்து மீன் பிடிக்கிறவன் ஒரு பெரிய மீனுக்காக மடுவிலுள்ள குஞ்சு குட்டி அத்தனையையும் கொல்கிறான். வெடியும் விஷமும் கூடாதென்று 1897ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கொசுவலை மாதிரி சிறுகண் வலை விரிப்பதும் அதே கொலைதான். வலை போட்டாலும் அளந்து போடு!

புதுவெள்ளம் வரும்போது மீன் முட்டையிட ஏறுகிறது. அந்த நாட்களில் ஆற்றுக்கு ஓய்வு வேண்டும். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. ஆற்று மீனவர் வீட்டில் மட்டும் அடுப்பு எரிய வேண்டாமா? நிவாரணம் கொடுக்காமல் தடை மட்டும் போட்டால் நானே முதல் ஆளாக எதிர்ப்பேன்.

இதைக் கேட்கும் மனு வாசலோரம் மேசையில் இருக்கிறது. ஊட்டமலைக்காரர்கள் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள், மற்றவர்கள் அடுத்த பக்கத்திலிருந்து. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகிறோம். காலை எட்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். வணக்கம்.