படிவத்தில் ஒரு கட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தாளைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். ஆண்டு மதிப்பீட்டுப் படிவம். அப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வந்த பில்லையும் போன பணத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அந்த ஆண்டு நான் கையெழுத்துப் போட்ட கணக்கில் தணிக்கைக்காரர்கள் ஒரு கேள்விகூட எழுப்பவில்லை. படிவத்தில் 'துல்லியம்' என்ற கட்டத்தில் 5-க்கு 5. 'நேரம் தவறாமை' 5-க்கு 5. அதற்குக் கீழே 'பணியில் ஆர்வம்' என்று ஒரு கட்டம். அதில் 2.

ஏன் சார் என்று கேட்டேன். மேலாளர் நல்ல மனிதர்தான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "உங்க வேலையில குறையே இல்ல. ஆனா இதை நீங்க விரும்பிச் செய்யற மாதிரி தெரியல" என்றார்.

அவர் சொன்னது உண்மை. பதினொரு ஆண்டு அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன், ஒருநாளும் விரும்பிச் செய்யவில்லை. ஆனால் அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எதையோ திருடிக் கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

நம் மொழியில் பிழைப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. பிழைத்தல் என்றால் உயிர் தப்புதல், உயிரோடு இருத்தல். "பிழைப்புக்கு என்ன செய்றீங்க?" என்று கேட்டால் அதில் மனசைப் பற்றிய விசாரணையே கிடையாது. எப்படி உயிர் வாழ்கிறீர்கள் என்று அக்கறையாகக் கேட்கிற கேள்வி அது. இன்றைக்கு அந்தச் சொல்லை வாயில் எடுத்தாலே தாழ்வாகப் பார்க்கிறார்கள். கெரியர் என்கிறோம். பிழைப்பைப் பொழுது சாய்ந்ததும் இறக்கி வைக்கலாம். கெரியரை இறக்கி வைக்க இடமில்லை. தூங்கும்போதும் கூடவே படுத்திருக்கிறது.

வேலைதான் மனிதரின் அடையாளம் என்ற எண்ணம் ஆதியிலிருந்து வந்ததல்ல. பழைய லத்தீனில் ஓய்வுக்கு 'ஓடியம்' என்று பெயர். அலுவலுக்கு 'நெகோடியம்', அதாவது ஓய்வு இல்லாமை. ஓய்வுதான் மூலச்சொல், வேலை அதன் எதிர்ப்பதம். அந்த ஓய்வு அடிமைகளின் முதுகில் ஏறி வந்தது என்பதால் அந்தக் காலத்தை நான் கொண்டாட மாட்டேன். ஆனாலும் சொல் ஒரு செய்தி சொல்கிறது. பிறகு 16-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் விவிலியத்தை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தபோது, அன்றாடத் தொழிலைக் குறிக்க 'பெரூஃப்' என்ற சொல்லைப் போட்டார். அழைப்பு என்ற பொருள் அதற்குள் இருக்கிறது, கடவுளின் அழைப்பு. இந்தச் சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய மனமாற்றம் இருக்கிறது என்று 1904, 1905-இல் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் எழுதிக் காட்டினார். நாளடைவில் அழைத்தவர் போய்விட்டார். அழைப்பு மட்டும் நின்றுவிட்டது. யார் கூப்பிட்டார்கள் என்றே தெரியாமல் நாம் ஓடிக்கொண்டிருக்கிறோம்.

தொழிலாளர்கள் போராடிக் கேட்டதோ நேரத்தை. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே ஆலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதுதான். 1930-இல் பொருளியலாளர் கெய்ன்ஸ், இன்னும் நூறு ஆண்டில் வாரத்துக்கு 15 மணி நேர வேலையே போதும் என்றாகிவிடும் என்று எழுதினார். அவர் சொன்ன 2030 இதோ பக்கத்தில் வந்துவிட்டது. செல்வம் பெருகியது, நேரம் அவர் சொன்ன அளவுக்குக் குறையவில்லை. கூடவே, நேரத்தை வாங்கிக்கொண்ட முதலாளிகள் இப்போது மனசையும் கேட்கிறார்கள்.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் 1983-இலேயே இதற்குப் பெயர் வைத்தார்: உணர்வு உழைப்பு. அவர் ஆராய்ந்தது விமானப் பணிப்பெண்களை. அங்கே புன்னகையும் சம்பளக் கணக்கில் சேர்த்தி. சரி, எதிரே பயணி இருக்கிறார், புரிகிறது. நான் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்? பில்லைப் பார்த்தா? என் கையும் மூளையும் எட்டு மணி நேரமும் ஒப்பந்தத்தில் இருந்தன. அவற்றைக் குறைவில்லாமல் கொடுத்தேன். மனசு அந்தப் பத்திரத்தில் இல்லவே இல்லை.

விருப்பம் இல்லாவிட்டால் வேலை எப்படி நன்றாக வரும் என்று கேட்பீர்கள். இதற்கு நான் எப்போதும் சொல்வது காஃப்காவை. எழுத்தாளர் காஃப்காவை எல்லாருக்கும் தெரியும், அலுவலர் காஃப்காவை அதிகம் பேருக்குத் தெரியாது. 1908 முதல் 1922 வரை பிராக் நகரில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். எழுதும் நேரத்தை அலுவலகம் தின்கிறது என்று நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் ஓயாமல் புலம்பினார். அந்த வெறுப்பு நடிப்பல்ல.

அதே மனிதர் நிறுவனத்தின் 1909-ஆம் ஆண்டறிக்கைக்காக மர இழைப்பு இயந்திரங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அன்றைய இயந்திரங்களில் கத்திகளைச் சதுரத் தண்டில் பொருத்தியிருப்பார்கள். தண்டு சுழலும்போது அதற்கும் மேசைக்கும் நடுவே பெரிய இடைவெளி விழும். மரம் சற்று நழுவினால் தொழிலாளியின் விரல் அதற்குள் போய்விடும். உருளைத் தண்டு போட்டால் அந்த இடைவெளி குறையும், விரல் தப்பும். இதைப் படம் போட்டு, வெட்டுப்பட்ட விரல்களையும் வரைந்து காட்டி விளக்கினார். பதவி உயர்வுகள் வந்தன. முதல் உலகப் போரில் படைக்கு அழைப்பு வரும் நிலையில், இவர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது என்று நிறுவனமே கேட்டு நிறுத்திக்கொண்டது. அவருக்கு 'ஆர்வம்' கட்டத்தில் எவ்வளவு போடுவீர்கள்? 2-கூட வராது. ஆனால் அந்த உருளைத் தண்டுக்காக வாதாடியது அந்தக் கைதான்.

1997-இல் ஏமி விரெஸ்னீவ்ஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது. சிலர் வேலையைச் சம்பளமாகப் பார்க்கிறார்கள், சிலர் ஏணியாக, சிலர் வாழ்க்கைப் பணியாக. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி, ஒரு பங்கு அப்படி. ஒரே மாதிரியான வேலை செய்த 24 நிர்வாக உதவியாளர்களிடையிலும் கிட்டத்தட்ட அதே பிரிவு தெரிந்தது. என்னைப் போன்றவர்கள் விதிவிலக்கல்ல என்று அன்றுதான் புரிந்தது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிடிக்காத வேலை வேறு, தாங்காத வேலை வேறு. இரவெல்லாம் தூக்கம் கெட்டு, காலையில் உடம்பே எழ மறுத்து, எதைத் தொட்டாலும் வெறுமையாக இருந்தால் அது என் கதை இல்லை. பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தபோது, சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் சொன்னது. அங்கே பொறுத்துப் போங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வேலையை உயிராக நேசிப்பவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டில் இருபது வயதுப் பிள்ளையிடம், உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி, கண்டுபிடி என்று நெருக்கும்போது, கண்டுபிடிக்காதவன் தோற்றவன் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு மாலையில் பாட்டு இருக்கலாம், நண்பர்கள் இருக்கலாம், சும்மா கிடக்கும் சுகம் இருக்கலாம். கணக்குப் பார்த்த பதினொரு ஆண்டில் என்னைத் தூக்கி நிறுத்தியவை அவைதான்.

ஆட்களை மேற்பார்வை செய்பவர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் படிவம் மேசைக்கு வரும்போது 'பணியில் ஆர்வம்' என்ற கட்டத்தை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில், உங்கள் வேலையில் விரல் மாட்டுகிற இடம் எது என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஓர் இடம் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.