லோகன் செய்த குற்றம் என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அரசின் அனுமதியின்றி அயல்நாட்டு அரசோடு பேசும் குடிமகனைத் தண்டிக்கும் அமெரிக்காவின் லோகன் சட்டம் தேவையா என்பது இன்றைய வழக்கு. தேவையில்லை என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் சற்று முன், "வீட்டுக்கு ஒரு தலைவாசல் போதும், ஆளாளுக்குச் சுவரை இடித்து வாசல் வைத்தால் வீடு நிற்காது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அந்தச் சட்டம் பிறந்த கதையை ஏன் சொல்லாமல் விட்டார்?

1798. பிரெஞ்சுக் கப்பல்கள் அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தன. பாரிசுக்குப் போன தூதர்களிடம், பேச்சைத் தொடங்கவே லஞ்சம் கேட்டார்கள். அமெரிக்கா கொதித்தது. அந்த நேரத்தில் பிலடெல்பியாவிலிருந்து ஒருவர் தன்னந்தனியாகப் புறப்பட்டார். மருத்துவம் படித்து விவசாயம் பார்த்த ஜார்ஜ் லோகன்; போரை வெறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். துணை அதிபர் ஜெபர்சனும் பென்சில்வேனியாவின் தலைமை நீதிபதி மக்கீனும் கொடுத்த குடியுரிமைச் சான்றுகள்தான் அவர் கையில் இருந்தன. பாரிசில் வெளியுறவு அமைச்சர் தாலெராந்தைச் சந்தித்தார். அமெரிக்கக் கப்பல்கள் மீதிருந்த தடையைப் பிரான்ஸ் நீக்கியது. சிறைப்பட்டிருந்த அமெரிக்க மாலுமிகளை விடுவித்தது. அவர் போகாவிட்டாலும் பிரான்ஸ் இறங்கி வந்திருக்கும் என்பீர்கள். இருக்கலாம்; தாலெராந்து முன்பே சமாதானத்துக்கு வழி தேடிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் லோகன் போனதால் எது கெட்டது?

நவம்பரில் ஊர் திரும்பியவர் முன்னாள் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனைப் பார்க்கப் போனார். அந்தச் சந்திப்பை வாஷிங்டனே எழுதி வைத்திருக்கிறார். லோகன் கை நீட்டினார், வாஷிங்டன் தயங்கினார். அடையாளம் தெரியவில்லை போலும் என்று எண்ணி லோகன் தன் பெயரைச் சொன்னார். அதன் பிறகே வேண்டாவெறுப்பாகக் கை கொடுத்த வாஷிங்டன், அங்கிருந்த பாதிரியாரை மட்டும் உட்காரச் சொன்னார். நடுவர் அவர்களே, போரைத் தடுக்கப் போய்வந்த மனிதருக்குக் கிடைத்த வரவேற்பு இது! அடுத்த ஜனவரி 30 அன்று அதிபர் ஆடம்ஸ் இந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மூன்று ஆண்டு வரை சிறை. பென்சில்வேனியாவோ அதே லோகனை 1801இல் செனட்டுக்கே அனுப்பியது.

"இந்தச் சட்டத்தில் யாருமே தண்டிக்கப்படவில்லையே, பிறகென்ன பயம்?" என்று கேட்டார்கள். தண்டனை இல்லை, வழக்கு உண்டு. 1803இல் கென்டக்கி விவசாயி பிரான்சிஸ் பிளர்னாய் மீது குற்றம் சாட்டினார்கள். மேற்குப் பகுதி தனிநாடாகிப் பிரான்சோடு கூட்டுச் சேரலாம் என்று பத்திரிகையில் கட்டுரை எழுதினார், அவ்வளவுதான். ஒரு கட்டுரைக்கு வழக்குப் போட இடம்கொடுக்கும் சட்டத்தைச் செத்த பாம்பு என்று எப்படி நம்புவது? நாட்டைக் காட்டிக்கொடுப்பவனைப் பிடிக்க 1917இன் உளவுச் சட்டம் இருக்கிறது. அயல்நாட்டுக்காக வேலை செய்பவன் அதை மறைத்தால், பிடிக்க 1938இன் அயல்நாட்டு முகவர் பதிவுச் சட்டம் இருக்கிறது.

தனக்கு நேர்ந்த இழப்புக்கு ஒருவன் அயல்நாட்டிடம் நிவாரணம் கேட்கலாம் என்று லோகன் சட்டமே விலக்குத் தருகிறது. அடுத்தவர் பிள்ளைக்காகத் தானாக ஓடினால்? 1983 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படை விமானத்தைச் சிரியா சுட்டு வீழ்த்தியது. லெப்டினன்ட் ராபர்ட் குட்மன் சிறைப்பட்டார். அரசுப் பதவி எதுவும் இல்லாத பாதிரியார் ஜெசி ஜாக்சன் சிரியாவின் தலைநகர் டமாஸ்கசுக்குப் போய்ப் பேசினார். ஜனவரியில் குட்மனோடு திரும்பினார். அதிபர் ரீகன் இருவரையும் வெள்ளை மாளிகையில் வரவேற்றார். ஆள் திரும்பி வந்தால் வரவேற்பு, வராவிட்டால் வழக்கா? வெற்றி தோல்வியைப் பார்த்துக் குற்றத்தை முடிவு செய்வதற்கு நீதி என்று பெயர் வைக்க முடியாது.

1810இல், தன் பெயரைச் சுமந்த அந்தச் சட்டம் இருந்தபோதே, இங்கிலாந்தோடு போர் மூளாமல் தடுக்க லோகன் மறுபடியும் கப்பல் ஏறினார். போகும்போது 56 வயது. இந்த முறை பலிக்கவில்லை. 1812இல் போர் வந்தது. சட்டத்தின்படி அந்த முதியவரைச் சிறையில் அடைத்திருக்க வேண்டுமா? எதிரணித் தலைவர் எழுந்து ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லட்டும். காத்திருக்கிறேன்.