காசு வேறு, கேஷ் வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தின் ‘கேஷ்’ நம்முடைய ‘காசு’தான் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாதி சரி, பாதி தவறு. ஒரே எழுத்துக்கூட்டலில் ஆங்கிலத்துக்குள் இரண்டு ‘கேஷ்’ இருக்கின்றன.

ரொக்கம் என்ற பொருளில் நாம் சொல்லும் ‘கேஷ்’ லத்தீன் ‘காப்ஸா’விலிருந்து வந்தது. காப்ஸா என்றால் பெட்டி. இத்தாலியில் ‘காஸா’ ஆகி, பிரெஞ்சுக்காரர் வழியாக இங்கிலாந்து போனது. முதலில் பணப்பெட்டிக்குப் பெயர். பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கே அதுதான் பெயர் என்றாகிவிட்டது. மற்றொரு ‘கேஷ்’, சென்னைப் பட்டணத்தில் கம்பெனியார் கணக்கெழுதிய செப்புக்காசு. 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இதுதான் நம் காசு. போர்த்துகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்தில் ஏறியது. ஓட்டை போட்ட சீனக் காசையும் ஆங்கிலேயர் இதே பெயரால்தான் அழைத்தார்கள்.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்டினால் இப்படித்தான் சறுக்கும். ‘எட்டு’க்கும் ‘எய்ட்’டுக்கும் உறவு சொல்கிறவர்கள் உண்டு. இரண்டையும் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் ‘எயஹ்ட’. ஜெர்மனில் ‘ஆஹ்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’. நம் எட்டுக்கு அடிச்சொல் ‘எண்’. எண்பது, எண்ணூறு என்னும்போது அது அப்படியே வெளியே தெரிகிறது. கன்னடத்தில் இன்றும் ‘எண்டு’தான். பின்னே போகப் போக இரண்டும் விலகுகின்றன. உறவு இருந்தால் நெருங்கி வரவேண்டும்.

‘ஆரஞ்சு’ நேர்மாறு. ஒலி தூரம், உறவு உண்டு. வடமொழியின் ‘நாரங்கம்’ பாரசீகத்தில் ‘நாரங்’, அரபியில் ‘நாரஞ்ச்’, ஸ்பெயினில் ‘நாரன்ஹா’. அந்த நாரங்கமே திராவிட மொழிகளிலிருந்து, நம் நாரத்தையின் இனத்திலிருந்து, போனது என்பது அறிஞர் பலரின் கருத்து. முன்னே நின்ற ‘ந’ எங்கே போயிற்று? ஆங்கிலத்தில் ‘எ நாரஞ்சு’ என்பது ‘அன் ஆரஞ்சு’ ஆகிவிட்டது என்று பாடமாகவே சொல்கிறார்கள். அது தவறு. இத்தாலியிலும் பிரெஞ்சிலுமே ‘ந’ உதிர்ந்துவிட்டது. ஆங்கிலத்திலேயே அப்படி உதிர்ந்ததற்குச் சரியான உதாரணம் ‘ஏப்ரன்’. ‘எ நேப்ரன்’தான் ‘அன் ஏப்ரன்’ ஆனது. நாமோ கிச்சிலிப்பழம் என்ற பெயர் கையில் இருக்க, ஆரஞ்சு என்றே கேட்டு வாங்குகிறோம்!

பொருள் தடம் மாறுவதும் உண்டு. ‘ஷாம்பு’ இந்தியில் ‘அமுக்கு, பிடித்துவிடு’ என்று ஏவும் சொல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஷேக் தீன் முகமது என்ற இந்தியர் நடத்திய ‘ஷாம்பு’ நிலையத்தில் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதும்தான் நடந்தன. தலைமுடி அலசுவது என்ற பொருள் அந்த நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்தது. கட்டுமரம் தெரிந்த கதை. 1697இல் வெளிவந்த பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் அதைக் குறிப்பிடுகிறார். ஆனால் இன்றைய ‘கேட்டமரான்’ இரட்டை உடல் கொண்ட படகு. பெயர் நம்முடையது, வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது.

சொல்லின் வயதைப் பார்க்க, மேற்கோள்களை ஆண்டோடு தரும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி உதவும். இந்தியச் சொற்களுக்கு யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற அகராதி உண்டு. அதன் மேற்கோள்களை நம்பலாம். மூலம் பற்றிய ஊகங்களைப் புதிய அகராதியோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

‘ரைஸ்’ நம் அரிசியிலிருந்து வந்தது என்பதையும் இப்படி ஆண்டை வைத்துச் சோதிக்கலாம். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே அது இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600இல். ஆகவே ஆங்கிலேயர் நம்மிடம் நேரே வாங்கிய சொல் அல்ல. கிரேக்கத்தின் ‘ஒருஸா’, லத்தீன், இத்தாலி, பிரெஞ்சு என்று வந்தது. அந்த ஒருஸாவுக்கு அரிசி மூலமா, பழைய ஈரானியச் சொல் மூலமா என்பதில்தான் வழக்கு. அகராதிகள் பெரும்பாலும் ஈரானியப் பக்கமே சாய்கின்றன.

வணக்கம்.