வாரந்தோறும் மாங்கோ: ‘ஃப்ளாஷ் கார்டன்’ தொடர்படம் குறித்து ஓர் உரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃப்ளாஷ் கார்டன்’ என்னும் தொடர்படத்தை, அதாவது ஒரு சித்திரக்கதையைத் தழுவி வாரம் ஓர் அத்தியாயமாகத் திரையிடப்பட்ட படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கம்பியில் தொங்கும் ராக்கெட் பொம்மைகளையும், விண்வெளியிலும் மேல்நோக்கிச் சுருண்டெழும் புகையையும் சொல்லிச் சிரிப்பதற்குரிய பழம்படமாகவே இதைப் பலர் கருதுகிறார்கள். ஆனால் சித்திரக்கதையைத் திரைக்குக் கொண்டுவரும் கலையை இந்த அளவுக்குப் புரிந்துகொண்ட படங்கள் மிகச் சிலவே என்பது என் உறுதியான எண்ணம்.

மூலமான சித்திரக்கதை 1934 ஜனவரி 7 அன்று, செய்தித்தாள்களின் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கமாக வெளிவரத் தொடங்கியது. 1929 முதல் வந்துகொண்டிருந்த ‘பக் ராஜர்ஸ்’ என்னும் விண்வெளிச் சித்திரக்கதைக்குப் போட்டியாகக் கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் வெளியிட்ட அந்தப் பக்கத்தை வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். பூமியை நோக்கிப் பாய்ந்து வரும் மாங்கோ என்னும் கிரகம், அதைத் தடுக்க ராக்கெட் கட்டிய விஞ்ஞானி ஜார்கோவ், அவருடன் புறப்பட நேர்ந்த போலோ வீரன் ஃப்ளாஷ், அவனுடன் டேல் ஆர்டன் என்னும் இளம்பெண், மாங்கோவில் இவர்களை எதிர்கொள்ளும் கொடுங்கோலன் மிங்: இவ்வளவே கதையின் அடித்தளம். ஆனால் ரேமண்டின் தூரிகை வாரத்துக்கு ஒரு பக்கமாக அந்த அடித்தளத்தின் மீது சிங்க மனிதர், பருந்து மனிதர், சுறா மனிதர் என்று நாடு நாடாக எழுப்பிக்கொண்டே போனது. ஒவ்வொரு ஞாயிறும் நாயகன் ஏதேனும் ஓர் ஆபத்தில் நிற்க, வாசகர் ஏழு நாள் பொறுத்திருப்பார்.

சனிக்கிழமைப் பகல் காட்சிகளில் சிறுவர்களுக்காகத் திரையிடப்பட்ட தொடர்படங்களும் அப்படித்தான் இயங்கின. ஏறத்தாழ இருபது நிமிட அத்தியாயம் ஒன்று, அதன் முடிவில் உயிருக்கு ஆபத்து, மிச்சம் அடுத்த வாரம். வார இதழ்த் தொடர்கதைகளின் ‘தொடரும்’ என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்தக் காத்திருப்பை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வடிவங்களுக்கும் நாடித்துடிப்பு ஒன்றாக இருந்ததால், இயக்குநர் ஃப்ரெடரிக் ஸ்டெஃபானியும் அவருடைய குழுவினரும் கதையை ஒடித்து வளைத்து இரண்டு மணி நேர நாடகமாக்க வேண்டியிருக்கவில்லை. ரேமண்டின் பாதையைப் பெரும்பாலும் பின்பற்றியே 13 அத்தியாயங்களை அவர்களால் அமைக்க முடிந்தது.

பருந்து மனிதரின் வான்நகரப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வல்டன் என்னும் மன்னனின் நகரம் ஒளிக்கற்றைகளின் மீது வானில் மிதக்கிறது. அந்தக் கற்றைகளுக்கு ஆற்றல் தருபவை அணு உலைகள். அவற்றில் ரேடியத்தை வாரிப் போடுபவர்களோ சட்டையில்லாத உடம்போடு சவுக்கடி வாங்கும் அடிமைகள். ஃப்ளாஷும் அவர்களுள் ஒருவனாகிறான். அறிவியல் முழுக்கக் கற்பனையே. ஆயினும் அதன் தர்க்கம் கறாரானது: நகரம் கற்றையின் மீதும், கற்றை உலையின் மீதும், உலை அடிமையின் தோளின் மீதும் நிற்கிறது. உலை வெடித்ததும் வான்நகரமே ஆட்டம் காண்கிறது. அதை நிலைநிறுத்தப் புதிய கதிர் ஒன்றைக் கண்டறியும் ஜார்கோவின் அறிவே மன்னனோடு பேரம் பேசும் வலிமையாகிறது. பொருளாதாரப் பெருமந்தம் இன்னும் தீராத அமெரிக்காவில் குழந்தைகள் பார்த்த காட்சி இது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இத்தனை உலகங்களையும் புதிதாகக் கட்டுவதற்குப் பணம் போதாது. ஆகவே யுனிவர்சலின் திகில் படங்களுக்காகச் செய்யப்பட்டவை எல்லாம் மாங்கோவுக்குக் குடிபெயர்ந்தன. 1935இல் வந்த ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தின் ஆய்வகக் கருவிகளும், ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் அதற்கு அமைத்த இசையும் இங்கே மீண்டும் பயன்பட்டன. சிக்கனத்தால் நேர்ந்த இந்தக் கலவை கதைக்கு முற்றிலும் பொருந்திப்போனது வியப்புக்குரியது. ஏனெனில் ரேமண்டின் மாங்கோவிலேயே வாளும் கதிர்த் துப்பாக்கியும் ஒரே இடுப்பில் தொங்கின.

நாயகனாக நடித்த பஸ்டர் கிராப் 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். ஓவியத்தோடு பொருந்துவதற்காகத் தம் கருமுடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிக்கொண்டார். அவருடைய நடிப்பில் நான் பெரிதும் மதிப்பது ஒன்றே: எவ்வளவு நம்பமுடியாத விலங்கு எதிரே வந்தாலும் அவர் முகத்தில் கேலியின் நிழல் படிவதில்லை. மிங்காக வந்த சார்லஸ் மிடில்டனின் குரலும் நிமிர்வும் மறக்க முடியாதவை. எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. சீனப் பேரரசர் போன்ற பெயர், உடை, மீசை ஆகியவற்றை ஒரு வெள்ளைக்கார நடிகருக்கு அணிவித்து உருவாக்கிய அந்தக் கொடுங்கோலன், ஆசிய மக்களைப் பற்றி அக்கால அமெரிக்காவில் பரவியிருந்த இனவெறி அச்சத்தின் வார்ப்பு. படத்தை நேசிக்கிறவர்கள்தாம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

1938இலும் 1940இலும் இரு தொடர்ச்சிகள் வந்தன. ஜார்ஜ் லூகாஸ் ‘ஃப்ளாஷ் கார்டன்’ கதையைப் படமாக்க விரும்பி, உரிமை கிடைக்காமல் 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுத்தது பலரும் அறிந்த வரலாறு. முன்கதையைச் சொல்லியபடி மேலேறிச் செல்லும் அப்படத்தின் தொடக்க எழுத்துகளுக்கு 1940ஆம் ஆண்டுத் தொடரே முன்னோடி.

நமக்கு நெருக்கமான இன்னொரு கிளையும் உண்டு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் சிறுவனாக அந்த 1940ஆம் ஆண்டுத் தொடரைப் பார்த்து மயங்கியவர் ஓவியர் ஆல் வில்லியம்சன். பின்னாளில் ‘ஃப்ளாஷ் கார்டன்’ கதைகளை வரைந்த அவரே, ரேமண்ட் 1934இல் வரையத் தொடங்கிய ‘சீக்ரெட் ஏஜென்ட் எக்ஸ்-9’ சித்திரக்கதையையும் 1967 முதல் 1980 வரை வரைந்தார். அதன் நாயகன்தான் முத்து காமிக்ஸ் என்னும் தமிழ்ச் சித்திரக்கதை இதழ் வழியே தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமான காரிகன். சிவகாசியில் அச்சான அந்தப் பக்கங்களின் கறுப்பு நிழல்களிலும், பாய்ந்து வரும் உடல்களின் வளைவுகளிலும் ரேமண்டின் கோடுகளை நாம் முன்பே பார்த்திருக்கிறோம்.