ஆண்கள் இதழ்களில் கேள்வி கேட்டவர்களும் சிரிக்க வைத்தவர்களும்

[திரையில்: 1960களின் அமெரிக்க இதழ்க் கடை]

வணக்கம். அமெரிக்காவில் ஆண்களுக்கென்று வெளிவந்த மாத இதழ்கள் என்றாலே பலருக்கும் அட்டைப்படங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எல்லாம் தெரிந்த, எதற்கும் அஞ்சாத ஆண் ஒருவனைப் பக்கத்துக்குப் பக்கம் காட்டிய அவ்விதழ்களிலேயே, தெரியாததைத் தெரியாது என்று ஓர் ஆண் ஒப்புக்கொள்ள இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, வாசகர்களுக்கு ஆலோசனை சொன்ன கேள்வி–பதில் பகுதி. மற்றொன்று, நகைச்சுவைக் கலைஞர்களின் நீண்ட நேர்காணல்.

இவ்வகை இதழ்கள் பிறந்தது ஆடை வணிகத்தில். 1931இல் துணிக்கடைக்காரர்களுக்காகத் தொடங்கப்பட்ட 'அப்பேரல் ஆர்ட்ஸ்' என்ற தொழில் இதழிலிருந்தே 'ஜிக்யூ' வளர்ந்தது. 1933இல் வந்த 'எஸ்கொயர்' முதல் இதழின் பிரதிகளில் பெரும்பகுதி ஆண்கள் ஆடையகங்கள் வழியாகவே விற்பனைக்குச் சென்றது. எந்தக் கோட்டுக்கு எந்த டை பொருந்தும் என்ற ஐயம் வாசகனுக்கு இருக்கும் வரையில்தான் விளம்பரதாரருக்கு வேலை உண்டு என்பதால், ஐயமும் அதற்கான விடையும் இங்கே தொடக்கத்திலிருந்தே வணிகத்தோடு பின்னிக் கிடந்தன.

[திரையில்: தட்டச்சு செய்த கடிதங்கள், உறைகள்]

பெயர் சொல்லாமல் கேட்டுப் பதில் பெறும் வழக்கம் மிகப் பழையது. 1691இலேயே லண்டனில் ஜான் டன்டன் அதற்கென ஒரு தாளை நடத்தினார். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க நாளேடுகளில் அது பெரும்பாலும் பெண்கள் எழுதிய பகுதியாக மாறியிருந்தது. 1953 டிசம்பரில் சிகாகோவில் ஹியூ ஹெஃப்னர் தொடங்கிய 'பிளேபாய்', 1960இல் தன் ஆலோசனைப் பகுதியை ஆரம்பித்தது. ஆடை, உணவு, மது, ஒலிப்பெட்டி, ஸ்போர்ட்ஸ் கார், காதல் சிக்கல் என எதைப் பற்றியும் கேட்கலாம். அஞ்சல்தலை ஒட்டிய சுயமுகவரி உறையை இணைத்தால் நியாயமான எல்லாக் கேள்விகளுக்கும் தனிப்பட்ட முறையில் பதில் வரும் என்று இதழ் அறிவித்தது. அச்சான கடிதங்களின் கீழே முதலெழுத்துகளும் ஊர்ப் பெயரும் மட்டுமே இருந்தன.

ஒலிப்பெட்டி பற்றிய கேள்விக்கு அடுத்தே, மனைவியோடு நெருங்க முடியாமல் தவிப்பவரின் கேள்வி வரும்; இரண்டுக்கும் பதிலின் குரல் ஒன்றுதான். முன்னதைப் படிப்பதாகச் சொல்லிக்கொண்டே பின்னதைப் படிக்க முடிந்தது என்பதில்தான் அப்பகுதியின் வலிமை இருந்ததாக நான் கருதுகிறேன். நண்பரிடமோ மருத்துவரிடமோ வாய்விட்டுச் சொல்ல முடியாததை, முகம் தெரியாத ஓர் ஆசிரியர் குழுவிடம் சொல்ல அது வழி செய்தது.

அதே வேளையில், அக்கடிதங்களில் பேசப்படும் பெண்ணின் தரப்பு பெரும்பாலும் நமக்குக் கேட்பதில்லை. பெண் உடலைக் காட்சிப்பொருளாக்கி விற்ற இதழே பெண்ணிடம் எப்படி நடந்துகொள்வது என்று அறிவுரையும் வழங்கியது. இந்த முரண்பாட்டை ஒதுக்கிவிட்டு அப்பகுதியைப் பாராட்ட என்னால் இயலாது.

[திரையில்: சிகாகோ நகர இரவு விடுதி, மேடை விளக்கு]

நகைச்சுவைக் கலைஞர்களிடமும் இதே முரண்பாடு தொடர்கிறது. 1961 ஜனவரியில், 'பிளேபாய்' நிறுவனம் சிகாகோவில் நடத்திய இரவு விடுதியான பிளேபாய் கிளப்பில், தென்மாநிலங்களிலிருந்து வந்திருந்த உறைந்த உணவு வணிகர்கள் முன்னிலையில், டிக் கிரெகரி என்ற கறுப்பின இளைஞர் நிறவெறியைப் பற்றியே பேசி அவர்களைச் சிரிக்க வைத்தார். ஹெஃப்னர் அவருக்கு அங்கே தொடர்ந்து மேடை தந்தார். அந்த இரவே அவரை நாடறியச் செய்தது. இரண்டே ஆண்டுகளில், 1963இல், அதே நிறுவனத்தின் நியூயார்க் கிளப்பில் பணிப்பெண்ணாக வேடமிட்டுச் சேர்ந்த பத்திரிகையாளர் குளோரியா ஸ்டைனம், அங்கே பெண்கள் வேலை செய்யும் நிலைமையை வேறோர் இதழில் அம்பலப்படுத்தினார். கிரெகரிக்குக் கிடைத்த மேடையும் ஸ்டைனம் கண்ட அவலமும் ஒரே முதலாளியின் கூரைக்குக் கீழே நிகழ்ந்தவை.

1964இல் கிரெகரியின் நேர்காணலை 'பிளேபாய்' வெளியிட்டபோது, அவர் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் நடந்த கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் சிறை சென்று திரும்பியவர். கேள்வி–பதிலாகவே பல பக்கங்கள் நீளும் அந்த வடிவம் இத்தகையவருக்கு மிகவும் பொருந்தியது. மேடையில் சிரிப்பொலிக்கு இடம் விட்டுப் பேசியவர் இங்கே இடைவெளியின்றித் தம் வாதத்தை முன்வைக்கலாம். ஆபாசக் குற்றச்சாட்டுகளால் நீதிமன்றங்களில் அலைக்கழிக்கப்பட்ட நகைச்சுவைக் கலைஞர் லென்னி புரூஸின் தன்வரலாற்றையும் 1963 முதல் அவ்விதழ் தொடராக வெளியிட்டது. 1964இல் நியூயார்க்கில் தண்டிக்கப்பட்ட அவர் 1966இல் 40 வயதில் இறந்தார். அம்மாநில ஆளுநரின் மன்னிப்பு 2003இல்தான் வந்தது.

[திரையில்: பிற்கால இதழ்ப் பக்கங்கள்]

1998இல் 'எஸ்கொயர்' தொடங்கிய ஒரு பகுதியில், புகழ்பெற்றவர்கள் தாம் வாழ்வில் கற்றதைத் தம் வாய்மொழியாகவே சொன்னார்கள். நேர்காணலும் ஆலோசனையும் அதில் ஒன்றாயின. படிக்கச் சுவையான வடிவம்தான். எனினும் கேள்விகள் நீக்கப்பட்டுவிட்டதால், தன் குழப்பத்தை எழுதி அனுப்பிய வாசகருக்கு அதில் இடமில்லை. 'ஜிக்யூ'வில் கிளென் ஓபிரையன் 1999 முதல் 2015 வரை எழுதிய பகுதி அந்த இடத்தைக் காப்பாற்றியது: காலணி, கழுத்துப் பட்டை போன்றவை பற்றிய வாசகர் கேள்விகளே அதற்கு அடிப்படையாக இருந்தன.